சிறுகுறிஞ்சான் மாத்திரை ஆகாதது ஏன்?

சிறுகுறிஞ்சான் இலை ஒன்றைப் பறித்து மென்று, சாற்றை நாக்கு முழுக்கப் புரட்டி, அரை நிமிடம் வைத்திருந்து துப்ப வேண்டும். வாயைக் கொப்பளித்த பிறகு ஒரு சிட்டிகைச் சர்க்கரையை நாக்கில் போட்டால், மணலைப் போட்டதுபோல் இருக்கும். பல்லில் நறநறவென்று கடிபடும், கரையும், இனிப்பு மட்டும் வராது. சிறுவயதில் ஊரில் தாத்தா இதைச் செய்து காட்டினார். வேலியோரக் கொடியைச் சுற்றி நின்று, இனிப்பு எப்போது திரும்பும் என்று பிள்ளைகள் மாற்றி மாற்றிச் சர்க்கரை தின்று பார்த்தோம். ஏறக்குறைய அரை மணி நேரம் ஆனது. "இதுக்குச் சர்க்கரைக்கொல்லின்னு பேரு. நாக்குல கொல்லுறது ரத்தத்துலயும் கொல்லும்" என்றார் தாத்தா.

அவர் சொன்னதில் முதல் பாதி உண்மை என்பதை என் நாக்கே சொன்னது. இரண்டாம் பாதி உண்மையா என்ற கேள்விக்கு இன்றுவரை முழுமையான விடை இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய கணக்கெடுப்பு 2023-இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகவும், தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்கு இருப்பதாகவும் அது சொன்னது. இத்தனை பேர் வாழும் ஊரில், வேலியில் கிடக்கும் ஒரு கொடியைப் பற்றிய கேள்விக்கு விடை இல்லாமல் இருப்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

உலகில் மிக அதிகமாக எழுதித்தரப்படும் சர்க்கரை மாத்திரையின் மூதாதையும் ஒரு நாட்டுச்செடிதான். மெட்ஃபார்மினின் கதை கலீகா என்ற செடியில் தொடங்குகிறது. ஊதாப்பூ பூக்கும், அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்தச் செடியை ஐரோப்பியக் கிராமத்தார் காய்ச்சலுக்கும் பாம்புக்கடிக்கும் குடல்புழுவுக்கும் கொடுத்தார்கள், பால் சுரக்கவும் கொடுத்தார்கள். கிரேக்கத்தில் பாலுக்குரிய சொல்லே அதன் பெயரில் இருக்கிறது. நீரிழிவுக்கென்று மட்டும் யாரும் அதை வளர்க்கவில்லை. 1891-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்கு அதைத் தீவனமாகக் கொண்டுபோனார்கள். தின்ற ஆடுகள் செத்தன. இன்று அங்கே அது அரசு தடை செய்த களை.

ஆட்டைக் கொல்லும் அந்தப் பொருளிலேயே மருந்துக்கான துப்பு இருந்தது. 1914-இல் பிரான்சில் ஜார்ஜ் தான்ரே அந்தச் செடியிலிருந்து கலீஜின் என்ற வேதிப்பொருளைப் பிரித்தார். அது குவானிடின் வகையைச் சேர்ந்தது. குவானிடின் விலங்குகளின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறது என்று 1918-இல் தெரிந்தது. 1920-களில் கலீஜினை நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கியது. ஆனால் பலன் சீக்கிரம் தீர்ந்தது, நஞ்சும் அதிகம். குவானிடின் மூலக்கூறை நீட்டிச் செய்த சிந்தலின் என்ற மருந்து ஜெர்மனியில் 1926-இல் வந்தது, கல்லீரலைக் கெடுத்ததால் அதுவும் போயிற்று.

இதற்கிடையே 1922-இல் டப்ளினில் எமில் வெர்னரும் ஜேம்ஸ் பெல்லும் இரண்டு குவானிடின்களை ஒட்டவைத்தாற்போன்ற ஒரு பொருளை ஆய்வுக்கூடத்தில் செய்திருந்தார்கள். அதுதான் மெட்ஃபார்மின். 1929-இல் விலங்குகளில் அது சர்க்கரையைக் குறைப்பதை வேறு ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் அப்போது இன்சுலின் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. சாகக் கிடந்த பிள்ளைகள் எழுந்து உட்கார்வதை உலகம் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், லேசாகச் சர்க்கரையைக் குறைக்கும் ஒரு வெள்ளைப் பொடியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து, பிலிப்பைன்ஸில் ஒரு மருத்துவர் இதே பொருளை ஃப்ளூ காய்ச்சலுக்குக் கொடுத்து வெளியிட்ட குறிப்பு பாரிஸில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவரின் கண்ணில் பட்டது. அவர் மாணவப் பருவத்தில் கலீஜினைச் சோதித்துக் கைவிட்டவர்களோடு இருந்தவர். பழைய செடியின் ஞாபகம் இருந்ததால் உடனே பிடித்துக்கொண்டார். மனிதர்களுக்குக் கொடுத்து 1957-இல் முடிவை வெளியிட்டார். அமெரிக்கா அதை ஏற்க 1994 ஆனது. 1998-இல் வெளியான பிரிட்டனின் பெரும் ஆய்வில், உடல் பருத்த நோயாளிகளிடம் நீரிழிவு சார்ந்த மரணங்களை இது 42 சதவீதம் குறைத்திருப்பது தெரிந்தது.

என் அத்தை ஒருத்தி சில வருடங்களுக்கு முன் மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டாள். இங்கிலீஷ் மருந்து கிட்னியைக் கெடுத்துவிடும் என்று யாரோ சொல்லி, பெயர் இல்லாத ஒரு சூரணத்துக்கு மாறினாள். நான்கு மாதத்தில் கால் விரலில் ஆறாத புண். விரல் தப்பியது அவளுடைய நல்லநேரம். தான் தூக்கி எறிந்த மாத்திரைக்கும் ஒரு செடிதான் பாட்டி என்று அவளிடம் சொன்னபோது நம்பவே இல்லை. "அப்போ அந்தச் செடியையே குடுக்கலாம்ல?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. கொடுக்க முடியாது. செடி கொடுத்தது துப்பு மட்டும். கலீகாவில் எதை எடுத்தார்கள் என்பதைவிட, எதை விட்டுவிட்டார்கள், எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் அந்த மாத்திரை பிறந்தது.

இதே பாடம் இன்னொரு மரத்திலும் நடந்தது. 1835-இல் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து ஃப்ளோரிசின் என்ற கசப்புப் பொருளை எடுத்தார்கள். சின்கோனாப் பட்டையைப் போலக் கசந்ததால் மலேரியாக் காய்ச்சலுக்கு ஆகும் என்று எண்ணினார்கள். 1886-இல் யோசஃப் ஃபான் மெரிங் அதைக் கொடுத்துப் பார்த்தபோது சிறுநீரில் சர்க்கரை கொட்டியது. எறும்பு மொய்க்கும் சிறுநீரைப் பார்த்துத்தான் நம்மவர்கள் மதுமேகம் என்று பெயர் வைத்தார்கள். ஆகவே ஃப்ளோரிசின் நோயை உண்டாக்கும் பொருளாகவே நூறு வருடம் பாடநூலில் கிடந்தது. பிறகுதான் அதைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்கள். சிறுநீரகம் ஒரு நாளில் ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸை வடிகட்டி, மொத்தத்தையும் ரத்தத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அந்தத் திரும்பும் வழியை அடைத்தால், மிகுதிச் சர்க்கரை சிறுநீரோடு போய்விடும். 1987-இல் எலிகளில் இது பலித்தது.

ஆனால் ஃப்ளோரிசினை விழுங்கினால் குடலிலேயே உடைந்துபோகிறது, குடலில் சர்க்கரை உறிஞ்சும் வழியையும் சேர்த்து அடைத்துவிடுகிறது. அதனால் மூலக்கூறில் சர்க்கரை ஒட்டியிருக்கும் இடத்தை மாற்றி, குடல் நொதிகளால் வெட்ட முடியாதபடி ஆக்கினார்கள். அப்படி வந்தவைதான் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள். 2015-இல் வெளியான பெரிய ஆய்வில் எம்பாகிளிஃப்ளோசின் இதயநோய் உள்ள நீரிழிவாளர்களின் இதயம் சார்ந்த மரணங்களை 38 சதவீதம் குறைத்தது. சர்க்கரைக்காகத் தேடியது இதயத்தையும் காத்தது. 2020-இல் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் முடிந்ததும் விலை மளமளவென்று இறங்கி, நம் தெரு மெடிக்கலுக்கே வந்துவிட்டது. ஆப்பிள் மரப்பட்டையைக் காய்ச்சிக் குடித்தால் இந்தப் பலன் எதுவும் கிடைக்காது.

இனி நம் கொடிக்கு வருவோம். சிறுகுறிஞ்சான் இலை இனிப்பை அழிக்கும் என்ற செய்தி 1840-களிலேயே ஆங்கிலேயர்களின் குறிப்புகளில் ஏறிவிட்டது. அந்த வேலையைச் செய்யும் பொருளை முதலில் பிரித்தவர் ஊட்டியில் இருந்தவர். சின்கோனாப் பட்டைகளில் மலேரியா மருந்தான கொய்னா எவ்வளவு இருக்கிறது என்று சோதிப்பதற்காக அரசு அங்கே வைத்திருந்த வேதியியலாளர் டேவிட் ஹூப்பர். 1887-இல் அவர் அதற்கு ஜிம்னெமிக் அமிலம் என்று பெயரிட்டார். கலீஜினுக்கு 27 ஆண்டு முந்தியது இது. ஓட்டப்பந்தயம் என்று சொன்னால், நம் கொடி முன்னால்தான் ஓடத் தொடங்கியது.

நாக்கில் அது என்ன செய்கிறது என்பது இன்று தெளிவாகத் தெரியும். இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பகுதியில் போய் ஒட்டிக்கொண்டு, சர்க்கரை வந்தாலும் சேதி மேலே போகாமல் தடுக்கிறது. இதிலும் ஒரு விசித்திரம் உண்டு. மனிதருக்கு இனிப்பை மறைக்கும் அதே அமிலம் எலியிடம் அந்த வேலையைச் செய்வதில்லை. எலிக்கு இனிப்பை மறைப்பது அந்த இலையில் இருக்கும் வேறொரு சிறு புரதம். ஒரே இலைக்கு எலியின் நாக்கு ஒரு பதில் சொல்கிறது, நம் நாக்கு இன்னொன்று சொல்கிறது. எலியில் பலித்ததெல்லாம் நம்மில் பலிக்கும் என்று எண்ணுகிறவர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

ரத்தத்துக்கு வந்தால், முக்கியமான வேலை சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி ஆய்வுக்கூடத்தில் சண்முகசுந்தரம் குழுவினர் சிறுகுறிஞ்சான் இலைச்சாற்றைப் பிரித்து, நாளுக்கு 400 மில்லிகிராம் வீதம் நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். 1990-இல் முடிவு வந்தது. இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேர், ஏற்கனவே சாப்பிட்டுவந்த மாத்திரையோடு சேர்த்து 18 முதல் 20 மாதம் வரை இதை எடுத்துக்கொண்டார்கள். சர்க்கரை குறைந்தது, மாத்திரை அளவையும் குறைக்க முடிந்தது, 5 பேர் மாத்திரையையே நிறுத்தினார்கள். இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த 27 பேருக்கும் இன்சுலின் தேவை குறைந்தது.

படிக்கும்போது உடம்பு சிலிர்க்கும் முடிவுகள் இவை. உலகம் முழுக்க விற்கும் சிறுகுறிஞ்சான் குப்பிகளின் பின்பக்கத்தில் இன்றும் இந்த ஆய்வுதான் நிற்கிறது. ஆனால் யாருக்குச் சாறு, யாருக்கு மருந்தில்லாத வெறும் குப்பி என்று குலுக்கிப் பிரித்து, கொடுப்பவருக்கும் தெரியாமல், வாங்குபவருக்கும் தெரியாமல் நடத்திய ஆய்வு அல்ல அது. ஆய்வில் சேர்ந்துவிட்டோம் என்ற எண்ணமே ஒருவரை ஒழுங்காகச் சாப்பிடவும் நடக்கவும் வைத்துவிடும். 22 பேரில் அந்தப் பங்கையும் இலையின் பங்கையும் பிரிக்க வழியில்லை. அடுத்த படியாக 200 பேர், 500 பேர் என்று போயிருக்க வேண்டும். போகவில்லை.

லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1999-இல் செய்த ஒரு சோதனை இதைவிட நுட்பமான கவலையைக் கிளப்பியது. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களின் மேல் இந்தச் சாற்றை விட்டபோது இன்சுலின் வெளியே வந்தது உண்மைதான். ஆனால் செல்லின் சவ்வு ஒழுகத் தொடங்கியதாலும் அது வெளியே வரலாம் என்று கண்டார்கள். குடத்தில் தண்ணீர் வருகிறது என்றால், சாய்த்து ஊற்றியதாலா, குடம் ஓட்டையானதாலா என்று பார்க்க வேண்டும் அல்லவா? பின்னர் அதே குழுவினர், செல்லைச் சேதப்படுத்தாமல் இன்சுலினைத் தூண்டும் வேறொரு சிறுகுறிஞ்சான் சாற்றையும் காட்டினார்கள். அப்படியென்றால் எந்தச் சாறு, எப்படி எடுத்தது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. நாட்டு மருந்துக் கடையில் வாங்கும் பொடி இந்த இரண்டில் எது என்று பொட்டலத்தில் எழுதியிருக்காது.

ஈழத்திலும் கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் தெரிந்த இன்னொரு கொடி பொன்கொரண்டி. சித்த மருத்துவர்கள் கடலழிஞ்சில் என்று சொல்வார்கள். ஆவாரை, கொன்றை, நாவல் சேர்த்துக் காய்ச்சும் ஆவாரைக் குடிநீரில் இதுவும் ஒரு சரக்கு. சிங்களத்தில் கொத்தல ஹிம்புட்டு. அங்கே இந்தக் கட்டையைக் குடைந்து குவளை செய்து, இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பார்கள். 1997-இல் ஜப்பானின் கியோட்டோவில் இதிலிருந்து சலாசினால் என்ற பொருளைப் பிரித்தார்கள். கந்தகம் சேர்ந்த, இயற்கையில் அபூர்வமான வடிவம் அதற்கு. மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கும் குடல் நொதியை அது பிடித்து நிறுத்துகிறது. சாப்பாட்டுக்கு முதல் வாயோடு போடச் சொல்லி மருத்துவர் எழுதித்தரும் வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரைகள் செய்வதும் இதே வேலைதான்.

பொன்கொரண்டிக்கு மட்டும் ஒரு நல்ல ஆய்வு கிடைத்தது. இலங்கையில் 51 பேருக்கு மூன்று மாதம் இதன் தேநீரும், மூன்று மாதம் சாதாரணத் தேநீரும் மாற்றிக் கொடுத்தார்கள். எது எந்தக் காலத்தில் என்று யாருக்கும் தெரியாது. 2005-இல் வெளியான முடிவில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு பொன்கொரண்டிக் காலத்தின் முடிவில் 6.29, சாதாரணத் தேநீர்க் காலத்தின் முடிவில் 6.65. வித்தியாசம் சின்னது, ஆனால் நம்பத்தக்கது. மருந்தை நிறுத்தும் அளவுக்குப் பெரியது அல்ல, கைவிடும் அளவுக்குச் சிறியதும் அல்ல. நாட்டு மருந்து பற்றிய பேச்சில் இந்த மாதிரி நிதானமான ஓர் எண் கிடைப்பது அரிது. அதனால்தான் இந்த ஆய்வின்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

குவளை என்றதும் வேங்கை நினைவுக்கு வரும். கைவினைக் கண்காட்சிகளில் வேங்கைமரக் குவளையை நிறையப் பேர் வாங்கிப்போகிறார்கள். இரவில் ஊற்றிய தண்ணீர் காலையில் தேன்நிறமாகி, வெயிலில் பிடித்தால் நீலமாய் மினுங்கும். 1980-களின் தொடக்கத்தில் வேங்கைப்பட்டையில் உள்ள எபிகேட்டகின் என்ற பொருள் எலிகளில் அழிந்த கணையச் செல்களை மறுபடி முளைக்கவைத்தது என்று லான்செட் என்ற மருத்துவ இதழில் செய்தி வந்தபோது பெரும் பரபரப்பு. மற்ற ஆய்வுக்கூடங்கள் செய்து பார்த்தபோது பலிக்கவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், 97 பேரில் 67 பேருக்கு வேங்கைச் சாற்றால் சர்க்கரை கட்டுக்குள் வந்தது. அதிலும் ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு அணி இல்லை. புதிதாக நோய் தெரிந்தவர்கள் அவர்கள். புதிதாகத் தெரிந்தவர், பயத்தில் இனிப்பை விட்டாலே சர்க்கரை இறங்கும்.

எலியைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மூலிகை ஆய்வுகளில் பெரும்பாலானவை அலாக்சான் அல்லது ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற நஞ்சை எலிக்கு ஊசி போட்டு, கணையச் செல்களைக் கொன்று, பிறகு சாற்றைக் கொடுப்பவை. நம் ஊரில் பெரும்பாலோருக்கு வருவது அப்படிப்பட்ட நோய் அல்ல. இன்சுலின் இருந்தும் உடல் அதைக் கேட்க மறுக்கும் நோய் அது. தவிர, நஞ்சுக்கு முன்னரே சாற்றைக் கொடுத்தால், அந்தச் சாறு நஞ்சை மட்டுமே முறித்திருக்கலாம். எலி பிழைக்கும், நீரிழிவைப் பற்றி நமக்கு எதுவும் தெரிந்திருக்காது. "ஆவாரம்பூ சர்க்கரையைக் குறைக்கிறது, ஆய்வில் நிரூபணம்" என்று வாட்ஸ்அப்பில் வருவதில் பலவற்றின் அடியில் இருப்பது இந்த எலிதான்.

நாவலுக்கு நேர்ந்தது வேறு. பிரேசிலின் தென்பகுதியில் நாவல் இலைத் தேநீரைச் சர்க்கரைக்குக் குடிக்கும் பழக்கம் பரவலாக இருந்தது. அங்குள்ள ஆய்வாளர்கள் மனிதர்களிடம் முறையாகச் சோதித்துப் பார்த்து, எந்தப் பலனும் இல்லை என்று நேர்மையாக வெளியிட்டார்கள். நாம் பயன்படுத்துவது இலை அல்ல, கொட்டை. அந்த முடிவு நம் கொட்டைக்குப் பொருந்தாது. ஆனால் நம் கொட்டையை அதே கண்டிப்போடு சோதிக்கும் துணிவு நமக்கு வேண்டும். பாகற்காயைத் தாய்லாந்தில் மெட்ஃபார்மினோடு நேருக்கு நேர் நிறுத்தினார்கள். நாளுக்கு 2 கிராம் பாகற்பொடி கொஞ்சம் வேலை செய்தது, மெட்ஃபார்மின் அதைவிட நன்றாகச் செய்தது. வெந்தயத்தை ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நிறையச் சோதித்திருக்கிறது. அதன் கொழகொழப்பான நார்ச்சத்து குடலில் சர்க்கரை ஏறும் வேகத்தைக் குறைக்கிறது. மருந்து என்பதைவிட நல்ல சாப்பாடு என்றே அதைச் சொல்வேன். இன்சுலின் செடி என்று தொட்டியில் வளர்ப்பதில் இன்சுலின் கிடையாது. இருந்தாலும் பயனில்லை, புரதமான இன்சுலினை வயிறு சாதம்போலச் செரித்துவிடும், அதனால்தான் ஊசி.

பெரிய ஆய்வுகள் ஏன் நடக்கவில்லை என்பதற்குப் பணம்தான் முதல் காரணம். ஆயிரக்கணக்கானோரைச் சில ஆண்டுகள் தொடரும் ஆய்வுக்குப் பல கோடி வேண்டும். புதிய மூலக்கூறுக்குக் காப்புரிமை உண்டு, போட்ட பணம் திரும்பும். வேலிக்கொடிக்கு அது கிடையாது. 1999-இல் அமெரிக்காவில் நாவல், பாகல், கத்தரி, சிறுகுறிஞ்சான் கலவைக்கே காப்புரிமை கொடுத்ததும், இங்கே கோபம் கிளம்பியதும் பழைய செய்தி. மரபறிவைக் காக்கும் மின்நூலகம் ஒன்றை இந்தியா 2001-இல் தொடங்கியது. திருட்டைத் தடுக்க அது உதவும், ஆய்வுக்குப் பணம் அதிலிருந்து வராது. இன்னொரு காரணம் நம் சட்டத்திலேயே உள்ளது. பழைய நூலில் உள்ள கலவையைச் செய்து விற்க, மனிதர்களிடம் பலனை நிரூபித்துக் காட்டச் சொல்லி யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குக் கோடி கொட்டி யார் விடை தேடுவார்கள்? அதேவேளை, நீரிழிவைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தடை ஏட்டில் இருக்கிறது, விளம்பரம் செல்போன் திரையில் இருக்கிறது.

இதற்கு நடுவில் நாள்தோறும் மாத்திரையும் கஷாயமும் சேர்த்துக் குடிக்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான், மருத்துவரிடம் மறைக்காதீர்கள். கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் கூடவே சர்க்கரையைக் குறைக்கும் பொடியும் சாப்பிட்டால், இரவில் வியர்த்து, கை நடுங்கி, நினைவு தப்பும் அளவுக்குச் சர்க்கரை இறங்கலாம். சிறுகுறிஞ்சான் பொடியால் கல்லீரல் வீங்கிய நோயாளி ஒருவரைப் பற்றி 2010-இல் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் மருத்துவருக்குத் தெரிந்தால்தான் அவர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார். அத்தை இப்போது மெட்ஃபார்மினும் போடுகிறாள், வெந்தயமும் ஊறவைத்துக் குடிக்கிறாள், இரண்டும் மருத்துவரின் சீட்டில் எழுதியிருக்கிறது.

சிறுகுறிஞ்சானுக்கு முறையான ஆய்வு நடத்த நமக்கு என்ன வேண்டும் என்று சில சமயம் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்கும் நோயாளிகள் இருக்கிறார்கள். ஒரே தோட்டத்தில், ஒரே பருவத்தில் பறித்த இலை வேண்டும். ஒவ்வொரு தொகுதியிலும் ஜிம்னெமிக் அமிலம் எவ்வளவு என்று அளந்திருக்க வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறையாமல், மாத்திரையை நிறுத்தாமல், அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும், எச்பிஏ1சியையும் கல்லீரலையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வெறும் குப்பி வாங்குகிறவருக்கு அது வெறும் குப்பி என்று தெரியக்கூடாது. இந்த இலையில் மட்டும் அது சற்றுக் கடினம். கஷாயமாகவோ பொடியாகவோ கொடுத்தால், வீட்டுக்குப் போய் ஒரு வாய்க் காப்பி குடித்ததும் யாருக்கு எது கிடைத்தது என்று நாக்கு சொல்லிவிடும். ஆகவே நாக்கில் படாமல், வயிற்றுக்குள் போய்த் திறக்கும் கேப்சூலில் அடைத்துத்தான் கொடுக்க வேண்டும்.